என் முகம் பாதரசச் சுரங்கமாக அறிவிக்கப்பட்டது

செவ்வாய்க்கிழமை காலை, என் முகத்தைப் பாதரசச் சுரங்கமாக அறிவித்துக் கனிமவள அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. முகத்தோடு நேரில் வரவும் என்று போட்டிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாளவில்லை. எங்கள் வீட்டில் இதுவரை யாரையும் எதுவாகவும் அறிவித்ததில்லை.

நான் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். பதினோரு மாதமாகச் சிவப்பழகு க்ரீம் பூசுகிறேன். டப்பாவில் பெயர் உண்டு. என்ன கலந்திருக்கிறது என்பது கிடையாது. மூன்றாம் மாதம் முகம் வெளுத்தது. நைட்டிப் பிரிவிலிருந்து பட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஏழாம் மாதம் கை நடுங்கியது. ஒன்பதாம் மாதம் என் கன்னத்தில் எதிரே நிற்பவர் முகம் தெரிந்தது. வாடிக்கையாளர்கள் சேலையைத் தோளில் போட்டு என் கன்னத்தில் பார்த்துக்கொண்டார்கள். விற்பனை கூடியது.

தங்கை செல்லக்கனியையும் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். அவள் இன்னும் நைட்டிப் பிரிவில்தான் இருக்கிறாள். பதினைந்து நாளாக என் டப்பாவிலிருந்து எடுத்துப் பூசுகிறாள்.

அங்கே இருதயமேரி என்ற அதிகாரி இருந்தார். என் கன்னத்தைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

"முகம் இருக்குங்கதுக்குச் சான்று இருக்கா?"

"முகமே இருக்கே மேடம்."

"அது நகல். பரவால்ல."

என் மூக்கு நுனியிலிருந்து ஒரு துளி உருண்டு மேசையில் விழுந்தது. அதற்கு வரிசை எண் கொடுத்தார். கையெழுத்துப் போடச் சொன்னார். கை நடுங்கியதில் என் பெயர் மூன்று பக்கத்துக்குப் போனது.

"அருமையான கையெழுத்து. ஜில்லாவுலயே முதல் தரம்."

செல்லக்கனி என் முழங்கையைக் கிள்ளினாள். "பேப்பர்ல போடுவாங்களாக்கா?"

"போடுவாங்க."

இருதயமேரி அவளைப் பார்த்தார். "இவங்களும் பூசுதாங்களா?"

"பதினஞ்சு நாளா."

"அப்ப ரெண்டு பேரும் ஒரே சுரங்கம்தான். சேத்து எழுதிருவோம். வீட்டு வாசல் வரைக்கும் தண்டவாளம் போடுவோம்."

தண்டவாளம். எனக்குக் காதெல்லாம் சூடானது.

செல்லக்கனி படிவத்தில் ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டாள். ஒரு கோடுகூட ஆடவில்லை.

இருதயமேரி உதட்டைப் பிதுக்கினார். "நேரா இருக்கு. செல்லாது. விடாமப் பூசுங்க, ஆறு மாசத்துல தானா ஆடும். அதுவரைக்கும் படிவம் இங்க இருக்கட்டும்."

"தோண்டுற வேலை எப்ப மேடம்?" என்றேன்.

"ஒங்களுக்குத் திங்கக்கிழமை. மொதல்ல கிட்னி. அங்கதான் நெறய தேங்கும்."

"அக்காவுக்கு வலிக்குமா?" என்று செல்லக்கனி கேட்டாள்.

"வலிக்குதுன்னு எந்தச் சுரங்கமும் இதுவரைக்கும் மனு குடுக்கல."

என் நெஞ்சு படபடவென்று அடித்தது. அதுவும் சந்தோஷம்தான் என்று முதலில் நினைத்தேன். பிறகு அவள் கையெழுத்தைப் பார்த்தேன். அழகான கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் அதற்காக ஒரு டிபன்பாக்ஸ் பரிசு வாங்கியவள்.

அவள் படிவத்தை எடுத்து வாயில் போட்டு மென்றேன். முத்திரை கொஞ்சம் கரித்தது. விழுங்கிவிட்டேன்.

இருதயமேரி பதிவேட்டைப் புரட்டினார். "செல்லக்கனின்னு யாரும் இங்க வரலையே."

"வரல மேடம்."

"அப்ப அவங்களை வெளிய போவச் சொல்லுங்க."

கைப்பையிலிருந்த க்ரீம் டப்பாவையும் அவர் மேசையில் வைத்தேன். "இதையும் சுரங்கத்துல சேத்துக்கோங்க."

செல்லக்கனிக்கு வாசல் நாலு எட்டில் வந்துவிட்டது. எனக்கு நடக்க நடக்க நடைவழி நீண்டது. ஓடினேன். அதுவும் ஓடியது. இவ்வளவு உற்சாகமாக நான் எதிலும் ஓடியதில்லை.

வாசலில் நின்று அவள் கூப்பிட்டாள். "அக்கா, பஸ் வந்துட்டு."

"நீ ஏறு."

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"கிட்டத்தான். ஏறுட்டி."

ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நல்ல வெயில். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கையை வெளியே நீட்டி ஆட்டினாள். நானும் ஓடிக்கொண்டே ஆட்டினேன்.