எஞ்சின்களை நிறுத்திய கதை

“நாப்பது போட்டு! நடுக்கடல்ல ஓடிக்கினு இருந்த நாப்பது போட்டும் ஒரே நேரத்துல எஞ்சினை நிறுத்திட்டானுங்க. எதுக்குன்ற? நான் வாயைத் தொறக்கப் போறேன்னு. அலைகூட அன்னைக்கு அடக்கித்தான் அடிச்சுது.”

பிச்சைமுத்து இதைச் சொன்னது வடக்கனந்தல் நாராயணசாமி டீக்கடையில். கடல் அங்கிருந்து பஸ் மாறி மாறிப் போனால் அரை நாள் தூரம். கடையில் இருந்தவர்களில் பாதிப் பேர் கடலை டிவியில்தான் பார்த்திருந்தார்கள். ஆனாலும் யாரும் மறுக்கவில்லை. நாற்பது என்பது போன பொங்கலுக்கு முப்பதாக இருந்ததையும் யாரும் ஞாபகப்படுத்தவில்லை. “மாமா, திமிங்கலம் வந்து கதை கேட்டுச்சே, அதையும் சொல்லு” என்று ஒருவன் எடுத்துக் கொடுத்தான். பிச்சைமுத்து சொன்னார். திமிங்கலம் கண்ணைத் துடைத்துக்கொண்ட இடத்தில் கடைக் கூரை பறந்து போய்க் கோமுகி அணையில் விழுகிற அளவுக்குச் சிரித்தார்கள். பிறகு ஆளுக்கொரு வேலையாக எழுந்து போனார்கள். காலி டம்ளர்களும் பிச்சைமுத்துவும் மிச்சம்.

பொய் என்று சொல்லக்கூட இந்த ஊரில் ஆள் இல்லை என்பதுதான் அவர் குறை. ஒன்றை நம்பாமல் இருக்கவும் கொஞ்சம் அக்கறை வேண்டுமே! அந்த அக்கறை உள்ள ஒரே ஆள் வீட்டில் இருந்தாள். அவர் பெண்சாதி பெரியம்மாள்.

“நாப்பதாம், நாப்பது! இன்னாய்யா பேசற? வலை இழுக்கப் போனவனுக்குக் கதை கேக்க ஏது நேரம்?”

“கேட்டானுங்கடி.”

“அத்தினி வருசம் கடல்ல கெடந்த. போன் பண்ணா, ‘சாப்டியா? ஆடு எப்டி கீது? வெச்சுடறேன்.’ அவ்ளோதான். கதை சொல்ற வாய் எங்கிட்ட மட்டும் எங்க போச்சு?”

பிச்சைமுத்து நாற்பதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஐம்பதாக்கிவிடுவார். இந்தக் கேள்வி வந்தால் மட்டும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அணைக்கரைப் பக்கம் போய்விடுவார்.

அவர் கடலுக்குப் போனதே ஒரு கூத்து. கரும்பு வெட்டுகிற வேலை படுத்துவிட்ட ஒரு வருஷம், கடலூர் துறைமுகத்துக்கு ஆள் பிடித்துப் போன மேஸ்திரியின் வேனில் ஏறிவிட்டார். நீச்சல் தெரியாது. முதல் வாரம் அவர் எடுத்த வாந்தியில் கடல் ஒரு சாண் உயர்ந்தது என்பது அவருடைய கணக்கு. படகில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. “ஏ கள்ளக்குறிச்சி, ஐஸை அள்ளு. ஏ கள்ளக்குறிச்சி, இறாலைத் தனியா பிரி.” அங்கே எல்லாரும் ஒருவருக்கொருவர் மாமன், மச்சான், பங்காளி. அவர் தட்டோடு வந்து உட்கார்ந்தால், பேச்சு அவர் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருக்கும். சுற்றிலும் தண்ணீர், நடுவில் எட்டுப் பேர், அதில் ஒருவர் மட்டும் தனி.

வலை தண்ணீரில் கிடக்கிற மத்தியானத்தில், கையில் கிடைத்த அட்டையில் அவர் எதையாவது எழுதுவார். சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். மறுநாள் படகுச் சமையல்காரன் அதன்மேல் பொரித்த மீனைப் போட்டு எண்ணெய் வடிப்பான். பிச்சைமுத்துவின் இலக்கியம் அத்தனையும் அப்படித்தான் மணக்க மணக்கக் கடலில் போயிற்று.

ஒவ்வொரு படகிலும் டிரைவர் தலைக்கு மேலே ஒரு வயர்லெஸ் இருக்கும். பொழுது சாயும்போது எல்லாப் படகும் அதில் பேசும். பேசுவது அத்தனையும் பொய். இறால் அள்ளிக்கொண்டு வந்தவன், “காலி வலைடா மச்சான்” என்று அழுவான், மற்றவன் பக்கத்தில் வந்துவிடக் கூடாதே! ஒன்றும் கிடைக்காதவன், “தெக்க வா, கொட்டுது” என்பான். ஒரு சாயங்காலம் டிரைவருக்கு இது சலித்துவிட்டது. “இவனுங்க பொய்யிக்கு நீ எழுதற பொய்யி எவ்ளோவோ தேவல. படி!” என்று மைக்கைப் பிச்சைமுத்து கையில் கொடுத்துவிட்டார்.

அவர் அன்றைய அட்டையைப் படித்தார். முடித்தபோது வயர்லெஸ்ஸில் சத்தமே இல்லை. எல்லாரும் அணைத்துவிட்டார்கள் என்று நினைத்தார். அப்போது ஒரு குரல் வந்தது. “அலைமகள் போட்டு அய்யப்பன் பேசறேன். அப்புறம் இன்னா ஆச்சு? ஓவர்.”

அப்புறம் தினமும் கதைதான். மலையடிவாரத்தில் ஒருத்தி. பிழைக்கப் போன புருஷன் திரும்பவில்லை. அவனைத் தேடி அவள் கல்வராயன் மலை ஏறுகிறாள், இறங்குகிறாள். ரிஷிவந்தியம் கோயில் வாசலில் விசாரிக்கிறாள், எலவனாசூர்கோட்டையில் நாற்று நட்டுக்கொண்டே விசாரிக்கிறாள். பிறந்ததிலிருந்து மலையே பார்க்காத மீன்காரர்கள், நடுக்கடலில் உட்கார்ந்து சாமைக் கதிர் வாசம் பிடித்தார்கள். எஞ்சின் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை என்று ஒவ்வொருவனாக நிறுத்த ஆரம்பித்தான். கறுத்துக்கொண்டு வரும் தண்ணீரில், எட்ட எட்ட ஒவ்வொரு விளக்கு. அந்த விளக்கெல்லாம் தன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றன என்று தெரியும்போது, பிச்சைமுத்துவுக்கும் ஒரு பங்காளிக்கூட்டம் இருந்தது. அதில் ஒருவன் முகமும் அவருக்குத் தெரியாது. கரைக்கு வந்தால் ஆளுக்கொரு பக்கம் சரக்கு இறக்கவே நேரம் சரியாக இருக்கும்.

அந்த மலையடிவாரத்துக்காரி ஒரு கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். அன்றைக்குக் கதையை அந்த இடத்தில் நிறுத்தினார். மறுநாள் காலை, வலையை இழுக்கிற விஞ்சு மிஷினின் கயிறு அவர் வலது கையைச் சுற்றி இழுத்துவிட்டது. போன் கடலோடு போயிற்று. கரைக்குத் திரும்பிய ஒரு படகில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி, அங்கிருந்து வீடு. மூன்று விரல் இன்னும் மடங்கவில்லை. ஒருவனுடைய நம்பரும் அவரிடம் இல்லை, குரல்கள்தான் இருந்தன.

ஆறு வருஷம் ஆகிவிட்டது. அந்தக் கதையின் முடிவை அவர் எழுதவில்லை. எழுதி யாரிடம் படிப்பது? பொழுது சாய்ந்தால் அணைக்கரையில் உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்து, “கேக்குதா? ஓவர்” என்பார். ஒரு கொக்கு “கேக்குது” என்று பதில் சொன்னதாக டீக்கடையில் சொல்லியிருக்கிறார். கொக்கு ஒன்றும் சொன்னதில்லை.

இந்த வைகாசியில், கடலில் மீன்பிடித் தடைக்காலம் நடக்கும்போது, ஒரு நாள் அணைக்கரையிலிருந்து அவர் திரும்பிக்கொண்டிருந்தார். தெருமுனை மாட்டுக்கொட்டகையைத் தாண்டும்போது, பெரியம்மாள் வீட்டைப் பூட்டுவது தெரிந்தது. அவரைத் தேடிக்கொண்டுதான் கிளம்புகிறாள். தெருவில் குட்டையாக, முன்வழுக்கையாக ஒரு புது ஆள், கையில் கருவாட்டுப் பையோடு, வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தான்.

பெரியம்மாள் பூட்டை இழுத்துப் பார்த்தாள். மறுபடி இழுத்தாள். அப்புறம் குனிந்து, தாழ்ந்த குரலில் அதனிடம் சொன்னாள்: “நீதான் இந்த வூட்டு ஆம்பள. பாத்துக்கோ.”

புது ஆள் கையிலிருந்து பை விழுந்தது.

“அக்கா! இப்ப பூட்டுகிட்ட இன்னா சொன்னீங்க?”

“உனக்கு இன்னாத்துக்கு? யாருய்யா நீ? பூட்டு எப்டி கீதுன்னு பாக்க வந்தியா?”

“அய்யோ, திருடன் இல்லக்கா! நீங்கதானே அந்தப் பொம்பள? எங்க போனாலும் பூட்டுகிட்ட இப்டிச் சொல்லிட்டுத்தான் போவும். வயர்லெஸ்ல கள்ளக்குறிச்சி அண்ணன் சொன்னாரு. அவரைத்தான் தேடிக்கினு வரேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல எறங்கி, ‘கள்ளக்குறிச்சி அண்ணன் வூடு எங்க’ன்னு கேட்டா, சிரிக்காத ஆள் இல்ல. ஒருத்தரு சோடா வாங்கிக் குடுத்து, நெழல்ல உக்காருன்றாரு. அப்புறம் கதையையே வழியா வெச்சிக்கினேன். அணைக்கட்டு, பின்னால படுத்த எருமை மாரி மலை, வளைவுல ரெட்டைப் பனை. எல்லாம் அப்டியே கீதுக்கா!”

மாட்டுக்கொட்டகை ஓரத்தில் பிச்சைமுத்து நின்றுவிட்டார். அய்யப்பன் குரல்! ஆறடி உயரம், கத்தை மீசை என்றல்லவா இவனை மனதில் வைத்திருந்தார்!

“அலைமகள் போட்டா?” என்றார். “கேக்குதா? ஓவர்.”

அவன் சட்டென்று திரும்பினான். “கேக்குது அண்ணே! நல்லா கேக்குது! ஓவர்!”

இரண்டு பேரும் கிட்ட வந்து நின்றார்கள். முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்கள்.

பெரியம்மாள் சிரிக்கவில்லை. “நான் பூட்டுகிட்ட சொல்றது உனக்கு எப்டிய்யா தெரியும்?”

பிச்சைமுத்து துண்டைத் தேடினார். தோளில்தான் இருந்தது. “ஒரு வாட்டி போட்டுக்குக் கெளம்பிட்டு, பீடிக்கட்டை மறந்துட்டேன்னு திரும்பி வந்தேன். நீ வேலைக்குப் போகப் பூட்டிக்கினு இருந்த.”

“வந்தவன் கூப்புட வேண்டியதுதானே?”

“இன்னான்னு கூப்புடறது? அப்டியே போயிட்டேன். பீடியும் எடுக்கல.” அவர் மடங்காத விரல்களைத் தடவினார். “போன்ல உன் குரல் வந்தா அதுதான் ஞாபகம் வரும். வேற பேச்சு வராம, ஆடு எப்டி கீதுன்னு கேட்டுடுவேன்.”

அதற்குள் அய்யப்பன் போனைப் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்துவிட்டான். துறைமுகத்தில் வலை பின்னுகிற கொட்டகை. “டேய், கெடச்சிட்டாருடா!” என்றதும் அந்தப் பக்கம் எழுந்த கூச்சலில் தெருக்கோழிகள் எல்லாம் கல்வராயன் மலைக்கே குடிபோயிருக்கும்.

“அண்ணே, அது யாரு வூட்டுக் கதவு?” “ஆறு வருசமா கையத் தூக்கிக்கினு நிக்கிதே, அதுக்குக் கை வலிக்காதா?” “புருசன் வூடுதான்னு நான் சொல்றேன், இவன் ஒத்துக்க மாட்றான்!”

பிச்சைமுத்துவுக்குப் பழைய குறும்பு ஏறிவிட்டது. நெஞ்சை நிமிர்த்தினார். “முடிவு என் நாக்கு நுனியில நிக்கிது. ஆனா சொல்ல மாட்டேன். இதெல்லாம் பொய்யின்னு இந்த வூட்ல ஒருத்தி சொல்லிக்கினு கீறா. அவ வாயால நடந்துச்சுன்னு வரட்டும், அப்பதான்.”

“அக்கா!” என்று கடலூரே கெஞ்சியது. “ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா!”

பெரியம்மாள் போனை வாங்கினாள். “எத்தினி போட்டு நின்னுச்சு? பொய்யி சொன்னீங்கன்னா வெச்சுடுவேன்.”

அந்தப் பக்கம் கசமுசா. படகுப் பேர்களைச் சொல்லிச் சொல்லிச் சண்டை போட்டார்கள். பிச்சைமுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பதினொண்ணுக்கா.”

“எஞ்சின் எதுக்கு நிறுத்தணும்? ஓட்டிக்கினே கேக்க வேண்டியதுதானே?”

வயதான ஒரு குரல் பதில் சொன்னது. அன்றைக்குப் பிச்சைமுத்து கையில் மைக்கைக் கொடுத்த டிரைவர். “மத்ததெல்லாம் கத்தித்தாம்மா படிப்பான். அந்தப் பூட்டு வர்ற எடத்துல மட்டும் கொரலு எறங்கிப்பூடும். எஞ்சின் ஓடினா அது காதுல வுழாது. அதுக்குத்தான் நிறுத்துவோம்.”

பெரியம்மாள் போனை ஒரு கையில் பிடித்தபடியே, இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். அதைக் கையில் வைத்துப் பார்த்தாள். கதவைத் தள்ளிவிட்டு, புருஷனிடம் திரும்பினாள்.

“நாப்பதுன்றது பொய்யி. திமிங்கலம் பொய்யி. பதினோரு போட்டு நின்னுச்சு.” போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். “அது நடந்துச்சு. ஓவர்.”