உபயக் கல்லுக்குப் பின்னால்

மைக் கரகரவென்று இரைந்தபோதே கோபிசங்கருக்குப் பொறி தட்டியது. டெஸ்டரை மைக்கின் தலையில் வைத்தான். டெஸ்டரின் விளக்குப் பளிச்சென்று எரிந்தது.

"ஐயோ!" என்று ஓடிப்போய் மெயின் சுவிச்சை இறக்கினான். இன்னும் ஒரு மணித்தியாலத்தில் பூசை முடிந்ததும், கழுவிய ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று அந்த மைக்கைப் பிடித்துத் தேவாரம் பாடப்போகிறவள் அவன் மனைவி சிவகௌரி.

அளவெட்டிக் கோயிலுக்கு வயரிங் செய்தவன் அவன்தான். சுவரில் சோக்கட்டியால் இரண்டு கோடு கீறி, கரண்டுக்கு ஒரு பைப், மைக் வயருக்குத் தள்ளி வேறொரு பைப் என்று படித்துப் படித்துச் சொன்னான். முதல் பைப்பைப் புதைத்துவிட்டு இரண்டு நாள் உடுவிலுக்கு வேலைக்குப் போய்வர, சுவர் முழுக்க மாபிள் கல். லண்டனிலிருந்து வந்த அண்ணன் சீவரத்தினம், செத்துப்போன தாயின் பெயரில் செய்த உபயம். "மைக் வயர் கூரையாலை விட்டாச்சு" என்று அண்ணன் சொன்னதை நம்பினான், மடையன்.

பக்கத்தில் நின்ற அண்ணனிடம் பாய்ந்தான். "அண்ணை, வயர் எதுக்குள்ளாலை போகுது? உண்மையைச் சொல்லுங்கோ!"

"கரண்ட் பைப்புக்குள்ளாலைதான். பிறகும் சுவரை வெட்டினா திருவிழாவுக்கு முதல் கல் ஒட்ட நாள் காணாதெண்டுதான். ரண்டும் வயர்தானே, உள்ளுக்கை கிடந்து சண்டையே பிடிக்கப்போகுது?"

"சேத்து விடப்படாதெண்டு சட்டம் விசர் பிடிச்சே போட்டு வைச்சிருக்கிறாங்கள்?"

மைக் வயரை இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. கல்லுக்குப் பின்னால் பைப் வளைகிற இடத்தில் இறுகிக் கிடந்தது.

"திருவிழா முடியட்டும், பாப்பம்."

"ஓம், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!"

சிவகௌரி குறுக்கே வந்தாள். "விடுங்கோப்பா, நான் மைக் இல்லாமல் பாடுறன்."

"நீ பாடுவாய். நாளைக்கு ஆரும் மெயினைப் போட, ஐயர் ஈர வேட்டியோடை வந்து மைக்கைத் தொடுவார்!"

சுத்தியலையும் உளியையும் எடுத்தான். அண்ணன் கையைப் பிடித்தார். "டேய், அம்மான்ரை பேரடா!"

கோபிசங்கருக்குக் கண் கலங்கியது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அண்ணனை ஒருமையில் பேசினான்.

"அம்மா இவளைப் பெத்த பிள்ளையா வைச்சிருந்தவ. கையை எடு நீ!"

முதல் அடியிலேயே கல்லில் வெட்டியிருந்த அம்மாவின் பெயர் 'பூரணம்' இரண்டாகப் பிளந்தது. பைப்பை உடைத்தான். வளைவில் இரண்டு வயரும் தோல் உரிந்து, செம்போடு செம்பு ஒட்டிக் கிடந்தன.

சீவரத்தினம் பார்த்தார். சிவகௌரியைப் பார்த்தார். குனிந்து எடுத்த கல் துண்டை வைக்கவும் தெரியாமல், வைத்திருக்கவும் தெரியாமல் நின்றார்.

"அதைக் கீழை வையுங்கோ அண்ணை," என்றான் கோபிசங்கர். கோபம் இன்னும் ஆறவில்லை. "உளியைப் பிடியுங்கோ. ரண்டாவது பைப்புக்குச் சுவர் வெட்டவேணும்."