பாச்சாங்குக்குப் போகும் காடி

கங்காணி அங்கமுத்து வாசலில் வந்து நின்றபோது கமலவேணி ஸ்டீரிங் சக்கரத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். வைக்கும்போதே மனசுக்குள் திட்டிக்கொண்டும் இருந்தாள். ஆயுத பூசையும் அதுவுமாகத் திட்டக் கூடாதுதான். ஆனால் ஒரு மனுசி எத்தனை பொட்டுதான் வைப்பாள்? தோட்டத்து லயத்து வரிசையில் இருந்த வீட்டின் முன்னறை முழுக்க வாழையிலையை விரித்து, அவள் புருசன் தங்கையா ஒரு காடியையே கழற்றிப் பரப்பி வைத்திருந்தான். சுவரோரம் சக்கரங்கள் சாய்ந்து நின்றன. இலைகளின் மேல் முன்விளக்குகள், பிளக்குகள், கார்புரேட்டர், இன்னும் அவளுக்குப் பேர் தெரியாத இரும்புகள், போல்ட்டு, நட்டு. எல்லாம் மண்ணெண்ணெயில் குளித்துப் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. நடுவில் ஸ்பேனர்களும் சுத்தியலும். ஒரு நட்டு கூட விட்டுப்போகக் கூடாது என்று உத்தரவு வேறு. கட்டின பெண்டாட்டிக்கு என்றைக்காவது இப்படி ஒரு பொட்டு வைத்துப் பார்த்திருப்பானா?

காடி என்றால் துரைமார் சவாரி போகிற சாதாரணக் காடி இல்லை. ஸ்போர்ட்ஸ் கார். தங்கையா அந்த ரப்பர் தோட்டத்து ஆலையான ஸ்டோரில் பிட்டர். ரப்பர் ஷீட் அழுத்துகிற ரோலர்களைப் பழுது பார்ப்பது அவன் வேலை. பழைய துரை குடித்துவிட்டு லொங்காங் சாக்கடையில் கவிழ்த்த மோரிஸ் ஒன்று ஸ்டோருக்குப் பின்னால் மழையில் ஊறிக்கொண்டு கிடந்தது. சீமைக்குத் திரும்பும்போது துரை அதை இவனுக்கே கொடுத்துவிட்டுப் போனார். வேறு ஒருவன் என்றால் பழைய இரும்புக்குப் போட்டிருப்பான். இவனோ, பங்களாவில் தூக்கிப்போட்ட ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து கிழித்த படம் ஒன்றைச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டினான். தவளை உட்கார்ந்த மாதிரி தாழ்வாக, கூரை இல்லாமல், இரண்டே பேர் உட்காருகிற காடி. அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, ரப்பர் பால் உறைய வைக்கிற ஓட்டை அலுமினியத் தட்டுகளை மணல் மூட்டை மேல் வைத்துத் தட்டி வளைத்து உடம்பு செய்தான். பிரம்பு பின்னி இருக்கை போட்டான். ஸ்டோர் சன்னலுக்கு அடித்து மிஞ்சின பச்சைப் பெயிண்டை அடித்தான். வேலை முடிந்த நேரமெல்லாம், ஞாயிற்றுக்கிழமையெல்லாம், டொக்கு டொக்கு என்று அதே சத்தம்தான். மலாயாவில் வெள்ளைக்காரன் எமர்ஜென்சி போடுவதற்கு முன்னால் ஆரம்பித்த சத்தம், எமர்ஜென்சி வந்தும் அடங்கவில்லை. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் போனார்கள், பட்டாளம் வந்தது, பக்கத்துத் தோட்டத்தில் துரையைச் சுட்டார்கள். தங்கையா அலுமினியம் தட்டிக்கொண்டிருந்தான்.

கமலவேணி அந்தச் சத்தத்தைச் சபிக்காத நாள் இல்லை. அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். உள்ளே வேறு ஒன்று ஓடியது, அதை யாரிடமும் சொன்னதில்லை. அவள் பாச்சாங்கில் பிறந்தவள். மலாக்கா டவுனை ஒட்டின இடம். சன்னலைத் திறந்தால் பஸ் போகும். அங்கிருந்து ஜாசின் பக்கத்துத் தோட்டத்துக்கு அவளைக் கட்டிக்கொடுத்தபோது, அண்ணி ராஜம்மா கல்யாணப் பந்தலிலேயே சிரித்தாள். "நம்ம கமலாவுக்கு இனிமே பால் லோரிதான் காடி. வாளியோட வாளியா உக்காந்து வருவா" என்றாள். பந்தலே சிரித்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த தங்கையாவும் கேட்டான். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. காடி வேலை ஆரம்பித்த அன்றைக்கு மட்டும், "இது ஓடுனா முதல்ல பாச்சாங்குக்குத்தான்" என்றான். முன்சீட்டில் உட்கார்ந்து, சந்துக்குள் நுழைந்து, அண்ணி வீட்டு வாசலில் ஹாரன் அடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. பட்டுப்புடவைகூட மனசுக்குள் எடுத்து வைத்துவிட்டாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் தோட்டத்தைச் சுற்றி முள்ளுக்கம்பி வந்தது. காட்டுக்காரர்களுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக் கூடாது என்று, தூர தூரமாக இருந்த பழைய லயங்களைக் காலி பண்ணி, ஸ்டோருக்குப் பக்கத்தில் புது லயம் கட்டி, சுற்றிலும் வேலி போட்டு, எல்லோரையும் உள்ளே கொண்டுவந்தார்கள். ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்துவார்கள். காடி மட்டும் வேலிக்கு வெளியே பழைய லயத்துக் கொட்டகையிலேயே நின்றது. தங்கையா ஒரு கணக்குப் போட்டான். பூசைக்கு எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி வீட்டில் வைத்துக் கும்பிடுவது. மறுநாள் விஜயதசமி காலையில் சூடம் காட்டி எடுத்துக்கொண்டுபோய், கொட்டகையில் பூட்டி, புது லயத்துக்குள் அதிலேயே ஓட்டிக்கொண்டு வருவது. சாமி கும்பிட்ட கையோடு முதல் ஓட்டம். ராசாவாட்டம் போட்ட கணக்கு.

"தங்கையா எங்க?" என்றான் கங்காணி. அவன் முகமே சரியில்லை.

தங்கையா கொல்லைப்புறத்திலிருந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வந்தான்.

"நேத்து ராத்திரி காட்டுக்காரனுங்க பழைய லயத்துல வந்து தங்கியிருக்கானுங்களாம். அடுப்புச் சாம்பல் இன்னும் சூடா இருக்காம். பட்டாளத்துக்காரன் குதிக்கிறான். இன்னிக்கே கொளுத்தணுமாம் லா. ஆறு மணிக்குள்ள. கொட்டகை, கோழிக்கூடு, எதையும் விட மாட்டானுங்க."

"என் காடி நிக்குதே அங்க."

"அதச் சொல்லத்தான் ஓடியாறேன். போய் ஓட்டிக்கிட்டு வந்துரு."

தங்கையா திரும்பி வீட்டுக்குள் பார்த்தான். கங்காணியும் எட்டிப் பார்த்தான். சக்கரங்கள் பொட்டு வைத்துக்கொண்டு, பூச்சூடிக்கொண்டு, சுவரில் சாய்ந்திருந்தன.

"அடப்பாவி" என்றான் கங்காணி.

கமலவேணிதான் முதலில் எழுந்தாள். "என்னாங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? சக்கரத்தத் தூக்குங்க, ஸ்பேனர எடுங்க. சாமி ஒண்ணும் சொல்லாது."

"பூசையில வச்சத நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்."

"நாளைக்குக் காலையில சாம்பலத்தான் அள்ளுவீங்க!"

அவன் இடது கையை நீட்டிக் காட்டினான். கடைசி இரண்டு விரல்களும் பாதியில் நின்றன. ஜப்பான்காரன் காலத்தில் ஆயுத பூசை அன்றைக்கு ரோலர் ஓடியே ஆக வேண்டும் என்று ஒரு மேலாள் துப்பாக்கியோடு நின்றான். ரோலர் மேல் போட்டிருந்த பூமாலையைத் தங்கையாதான் எடுத்தான். சுவிட்சையும் அவன்தான் போட்டான். அரை மணி நேரத்தில் விரல் போனது. கோயிலுக்கு வருசத்துக்கு ஒரு தரம் போனால் அதிகம் என்கிற ஆள் அவன். ஆனால் இந்த ஒரு நாள் விசயத்தில் அவனிடம் யாரும் பேச முடியாது.

"எரிஞ்சா எரியட்டும்" என்றான். சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தான். வாய்தான் அப்படிச் சொன்னது. கண் பழைய லயத்துப் பக்கமே போய்ப் போய் வந்ததைக் கமலவேணி பார்த்தாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இந்த மனுசன் சாமிக்குப் பயப்படுகிறான், பட்டாளத்துக்குப் பயப்படுகிறான், பெண்டாட்டியின் ஆசைக்கு மட்டும் பயப்பட மாட்டான்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு லயத்துக்குள் நடந்தாள். ஒரு வீடு விடவில்லை. பொரியும் கடலையும் தின்றுகொண்டு சீட்டு ஆடிக்கொண்டிருந்த ஆம்பிளைகள் முன்னால் போய் நின்றாள். "உங்க ஸ்டோர் மிசின் நின்னா எவன் ஓடியாறான்? உங்க சைக்கிளுக்கு எவன் பிரேக்கு போட்டுத்தாரான்? அவன் காடி எரியப்போவுது. தோள் குடுக்க ஆள் வேணும்" என்றாள். நாலு வருசமாக அந்தக் காடியை அவளே கரித்துக்கொட்டியதைக் கேட்டவர்கள் அவர்கள். ஆச்சரியத்திலேயே எழுந்து வந்துவிட்டார்கள்.

சக்கரம் இல்லாத காடியை எதில் கட்டித் தூக்குவது என்பதில் வந்தது அடுத்த தகராறு. மாரியம்மன் பல்லக்கைத் தூக்குகிற மூங்கில் கழிகள் கோயில் கொட்டகையில் இருந்தன. பூசாரி சின்னத்தம்பி பகலில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர்தான், ஆனாலும் பூசாரி. அவரைப் பிடித்தார்கள்.

"பல்லக்குக் கழி ஆயுதமா, இல்லியா? அதச் சொல்லுங்க முதல்ல" என்று ஒருவன் கேட்டான்.

சின்னத்தம்பி தலையைச் சொறிந்தார். கமலவேணியின் முகத்தைப் பார்த்தார். "அதுக்குப் பொட்டு வச்சமா? வைக்கல. அப்ப அது ஆயுதம் இல்ல. தூக்குங்க லா, நேரமாச்சு" என்றார்.

பழைய லயத்துக் கொட்டகைக்குப் போய், காடியின் வயிற்றுக்கடியில் கழிகளைக் கொடுத்துக் கயிற்றால் வரிந்தார்கள். தங்கையா ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தான். அதற்கு ஸ்பேனர் வேண்டாம், கை போதும். என்ஜினின் தலைப்பாகம் வீட்டில் வாழையிலை மேல் இருந்ததால் கனம் கொஞ்சம் குறைவுதான், என்றாலும் முழி பிதுங்கியது. முன்னால் பாதிப்பேர், பின்னால் பாதிப்பேர், நடுவில் பச்சைக் காடி மெல்ல ஆடிக்கொண்டு செம்மண் பாதையில் வந்தது. திருவிழாவில் பழகின கால்கள் தானாகவே அந்த நடையைப் பிடித்துக்கொண்டன. யாரோ வேடிக்கைக்கு "ஓம் சக்தி" என்றான். நாலைந்து பேர் நிஜமாகவே பதில் சொன்னார்கள். வேலிக்கு உள்ளிருந்து பார்த்த ஒரு கிழவி வீட்டுக்குள் ஓடிச் சூடத்தட்டோடு வந்தாள். கமலவேணி பின்னால் நடந்துகொண்டே சிரித்தாள். கண்ணீர் வேறு வந்தது.

கேட்டில் மாட் நின்றான். மலாய்க்காரக் காவல்காரன். தோட்டத்திலேயே வளர்ந்தவன், தமிழ் பேசுவான். துப்பாக்கியைத் தோளில் சரித்துக்கொண்டு, வருகிற ஊர்வலத்தை வாயைப் பிளந்து பார்த்தான்.

"என்னா லா இது, சாமியா?"

"காடி சாமி" என்றான் கங்காணி மூச்சுவாங்க. "தடுப்பத் தூக்கு மாட், தோள் உடையுது."

உள்ளே அரிசி கிரிசி ஒளித்திருக்கிறதா என்று மாட் பிரம்பு இருக்கைக்கடியில் கையை விட்டுப் பார்த்தான். சட்டம் சட்டம்தான். பிறகு தடுப்புக் கட்டையைத் தூக்கினான். காடி உள்ளே வந்து புது லயத்து வாசலில் இறங்கியபோது ஆறு மணிக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அவர்கள் தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றபோதே பழைய லயத்துப் பக்கம் புகை எழுந்தது. பிறந்து வளர்ந்த வீடுகள். எல்லோரும் புகையின் பக்கம் திரும்பினார்கள். கமலவேணி மட்டும் காடியைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

மறுநாள் சூடம் காட்டியதும் தங்கையா ஸ்பேனரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வேலைக்குப் போய் வந்த நேரத்தில், வாசலிலேயே, லயமே சுற்றி நின்று பார்க்க, ஒவ்வொன்றாகப் பூட்டினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ஜின் இருமியது, அணைந்தது, மறுபடி இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. என்ன சத்தம்! கோழிகளெல்லாம் கூரை மேல் ஏறின. தங்கையா சிரித்ததைக் கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முழுசாகப் பார்த்தாள். உள்ளே ஓடிப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டினாள். தலையில் பூ வைத்தாள். திரும்பி வெளியே வந்தபோது என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, சிரிப்பு இல்லை. ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி அப்புசாமி பக்கத்தில் நின்றார்.

"தப்பா நெனைக்காத தங்கையா. துரை சொல்லிட்டாரு. நம்பர் இல்லாத காடி வெளிய போகக் கூடாது. வழியில காட்டுக்காரன் மடக்கிப் புடுங்கிக்கிட்டா எண்ணெயும் போச்சு, காடியும் போச்சு, ஆளும் போச்சு. எமர்ஜென்சி முடியட்டும், அப்புறம் எங்க வேணா போ."

"எப்ப முடியும்?"

"அது எனக்கு எப்பிடிப்பா தெரியும்?" என்றார் கிராணி. கெட்டவர் இல்லை. பட்டுப்புடவையைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

கூடியிருந்தவர்கள் மெல்லக் கலையப் பார்த்தார்கள். கமலவேணி படியிலேயே நின்றாள். உள்ளே போய்ப் புடவையை அவிழ்த்துப் போட்டால் முடிந்தது. தங்கையா குனிந்து பக்கத்துக் கதவைத் திறந்தான். உள்ளங்கை அகலக் கதவு.

"ஏறு" என்றான்.

"எங்க?"

"பாச்சாங்குக்கு."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பிரம்பு இருக்கையில் உட்கார்ந்தாள். தரை இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. காடி லயத்து வாசல்களைத் தாண்டி, வேலியை ஒட்டிக் காவல்காரர்கள் நடக்கிற பாதையில் ஏறியது. முள்ளுக்கம்பி வலது பக்கம் கூடவே வந்தது. கம்பிக்கு அந்தப்புறம் பால்மரங்கள் வரிசை வரிசையாகப் போயின. மூலை வந்தது, திரும்பினார்கள். கோயில், பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயாக்கொட்டகை, ஸ்டோர், மறுபடி மூலை. கேட்டில் மாட் தடுப்புக் கட்டைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். கட்டை இறங்கித்தான் இருந்தது. தங்கையா ஹாரனை அடித்துக்கொண்டே அவனைத் தாண்டினான்.

"இப்ப எங்க வந்துருக்கோம்?" என்று கேட்டாள்.

"ஜாசின் பசாரு. அந்தா பாரு, பஸ்ஸு நிக்குது."

அவன் காட்டிய இடத்தில் தண்ணீர்க் குழாயில் வாளிகள் காத்திருந்தன. இரண்டாம் சுற்றில் பெண்கள் கை காட்டினார்கள். அடுத்த சுற்றில் பழகிப்போய்ப் பாத்திரம் கழுவப் போய்விட்டார்கள். காடி இன்னும் வேகம் கேட்டது, உறுமியது. கொஞ்சம் விட்டால் மூலை வந்துவிடுகிறது. தங்கையா விரல் போன கையால் ஸ்டீரிங்கைப் பிடித்து, ஒவ்வொரு மூலையிலும் அதை அடக்கி அடக்கித் திருப்பினான். ஸ்டீரிங்கில் அவள் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னாங்க, பாச்சாங் வந்துருச்சா?"

ஒரு மூலை தாண்டியது. கேட் தாண்டியது.

"கிட்டத்துல வந்துட்டோம்" என்றான். "அண்ணி வீடு எந்தப் பக்கம்னு நீதான் சொல்லணும்."

அவள் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதிரே பாதை தெரியவில்லை. போன சுற்றில் அவர்கள் கிளப்பிவிட்ட செம்மண் புழுதி வேலியோரம் இன்னும் இறங்காமல் நின்றது. காடி ஹாரன் அடித்துக்கொண்டு அதற்குள்ளேயே நுழைந்தது.