தண்ணீர்மேல் ஏடு

1993-இல் ஒரு வெள்ளிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் அய்யூப் முதலாளி வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் எட்டுக் கடல்மீன்கள் செத்து மிதந்தன. மிச்சம் இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு மேலேயே கிடந்தன.

"நேத்து அசீனா பினாயில் போட்டுத் தொடச்சா மொதலாளி. அந்தக் கையோட தொட்டியத் தொட்டிருப்பா," என்றார் காவல்காரர் கருத்தையா. அப்படித்தான் நம்பவும் செய்தார். சந்தேகப்படுவது அவருக்குப் பல் விளக்குகிற மாதிரி.

"அல்லா மேல சத்தியமா தொடல," என்று அழுதாள் அசீனா. படுக்கையில் கிடக்கிற புருஷனுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் இந்த வீட்டு வேலைதான் கஞ்சி.

"தொட்டி மாட்டுன சமுத்திரம் வரட்டும். நீதான்னு தெரிஞ்சா இன்னையோட நின்னுக்கோ," என்றார் அய்யூப்.

சமுத்திரம் மத்தியானம் தூத்துக்குடி பஸ்ஸில் வந்தான். பினாயில் கதையைக் கேட்டுவிட்டுத் தொட்டியைப் பார்த்தான். தண்ணீர் அசையாமல் கிடந்தது. மேலே எண்ணெய் மாதிரி ஏடு படர்ந்திருந்தது. மோட்டார்க் குழாயின் வாய் கீழே பார்த்திருந்தது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! மேல்தண்ணி ஆடிக்கிட்டே இருந்தாத்தான் காத்து உள்ள எறங்கும். இல்லாட்டி மீனு மூச்சுமுட்டிச் சாவும். பினாயிலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. குழாயத் திருப்புனது யாரு?"

திருப்பியது கருத்தையாதான். குழாய் மேலே பீச்சியதில் உப்புத்தண்ணீர் சுவரெல்லாம் தெறித்து வெள்ளையாய்ப் பூத்தது. தினமும் துடைத்துத் துடைத்துக் கை கடுத்தது. தண்ணீருக்குள் பிறந்த மீனுக்கு எதற்குக் காற்று, மோட்டாரைத் தேயவைத்து அடுத்ததை விற்கப் பார்க்கிறான் களவாணி என்று நினைத்து, புதன்கிழமை குழாயை அமுக்கிவிட்டார். மறுநாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன. பசி என்று கூடுதலாய் ஒரு பிடி தீனி போட்டார்.

சமுத்திரம் குழாயை நிமிர்த்தினான். ஏடு உடைந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டு மீன்களும் கீழே இறங்கின.

"கேக்கான்லா? யாரு?" என்றார் அய்யூப்.

மகன் விரட்டிய பிறகு இந்த வீட்டுக் கேட்டோரத்து அறைதான் கருத்தையாவுக்கு வீடு.

"அவதான் மொதலாளி. தொடைக்கும்போது இடிச்சிருப்பா."

அசீனா அழுகையை நிறுத்தினாள். "முக்காலி போட்டு ஏறி நீங்க உள்ள கைய விட்டத நான் பாத்தேன் அண்ணாச்சி. அதுக்குத்தான் மீனு சாவும்னு எனக்குத் தெரியாது. இப்பமாவது சொல்லுங்க."

"பாத்தீயளா மொதலாளி, எம்புட்டு வாயி! பதினோரு வருசமா இங்க கெடக்கேன். இவ வந்து ஆறு மாசம் ஆகல."

அய்யூப் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "போயிரும்மா," என்றார்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். கருத்தையா முன்னால் போய் கேட்டைத் திறந்துவிட்டார். அவள் வெளியே போனதும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அது அவர் வேலை.