முகம் கேட்கிற பத்திரிகை

எங்கள் பத்திரிகையில் ஒரு வழக்கம் உண்டு. படத்தில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரிடமும் நேரில் போய், "உங்க முகத்தைப் போடலாமா?" என்று கேட்க வேண்டும். தலையாட்டாதவர் முகம் வராது, அவ்வளவுதான். ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், என்னைப் போன்ற திருநங்கைகள் என்று இந்த ஊரில் இருக்கிற எங்கள் எல்லோருக்குமான மாதப் பத்திரிகை இது. வீட்டுக்குத் தெரியாமல் கூட்டத்துக்கு வந்தவரின் முகம் அச்சில் வந்துவிட்டால் வேலை போகும், வாடகை வீடு போகும். அதனால் எங்கள் பக்கங்களில் முதுகும் செருப்பும் டீ கிளாஸ் பிடித்த கையும்தான் அதிகம். "என்னக்கா, செருப்புக் கடை விளம்பரமா?" என்று வாசகர்களே என்னைக் கிண்டலடிப்பார்கள்.

பக்கம் வடிவமைப்பவருக்குக் 'கத்திரி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஐம்பதைத் தாண்டிய மனிதர், தங்கமான குணம். கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் திறந்தால் அவர் கை நேரே கழுத்துக்குத்தான் போகும். ஆனாலும் இந்த மாதம் நான் அவரைப் பிடித்த பிடியில், கீழே சைக்கிள் கடைக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டாராம்.

நடந்தது இதுதான். பஸ் ஓட்டும் பெண் ஒருத்தி எங்களுக்கு எழுதுகிறாள். 'ஜன்னலோர சீட்' என்று மாதம் ஒரு பக்கம், பெயர் போடாமல். எல்லோருக்கும் அவள் டிரைவர். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸும் அவளும் பல வருடமாக ஒன்றாகக் குடும்பம் நடத்துகிறார்கள். டிரைவரின் அப்பாவுக்கு இது தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பார். அவர் போன் செய்யும்போது நர்ஸ் எடுத்துவிட்டால், "அவகிட்ட குடு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. மகள் எழுதுவதைப் பற்றி ஒரு நாள், "பேரும் இல்ல, முகமும் இல்ல. மொட்டைக் கடுதாசி மாதிரி இருக்கு. அதையெல்லாம் நான் படிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

இந்த மாதம் கட்டுரையோடு வந்து நின்றாள். "அக்கா, பேரையும் போடுங்க, முகத்தையும் போடுங்க. டிப்போவுல சொல்லிட்டேன். அப்பாகிட்டயும் சொல்லிட்டேன், வாங்கிப் பாருங்கன்னு."

"நர்ஸு?"

"அவளைக் கேட்டேன். அப்பாவுக்குக் காட்டுற படம், நான் எதுக்கு நடுவுலங்கறா."

ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அவள் சிரிக்கிற படத்தைத் தேர்ந்தெடுத்தோம். எனக்கு அன்றைக்கு முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

அச்சாகி வந்த கட்டைப் பிரித்துப் பக்கத்தைத் திருப்பினேன். கொட்டை எழுத்தில் பெயர் இருந்தது. ஸ்டீயரிங் இருந்தது, அதைப் பிடித்த இரண்டு கைகள் இருந்தன. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை.

"யோவ் கத்திரி!"

வந்து பார்த்தவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "ஐயோ அக்கா! அவ சரின்னு சொன்னது எனக்குத் தெரியும்க்கா. சந்தோஷமாத்தான் பக்கத்தைப் போட்டேன். பழக்கதோஷம், கை தானாப் போயிருச்சு."

"தானாப் போகுமா? இத்தனை வருஷத்துல ஒருத்தி, ஒரே ஒருத்தி முகத்தைக் காட்டறேன்னு வந்தா. அவ தலையையும் சீவிட்டியேய்யா!"

அதற்குள் பாதிக் கட்டு கடைகளுக்குப் போய்விட்டது. டிரைவர் வந்து பார்த்தாள். என்னை மாதிரிக் கத்தியிருந்தாலும் தேவலை. "அப்பா வாங்கியிருப்பாரு. இன்னும் ஒளிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கான்னு நினைப்பாரு. இனிமே அவர்கிட்ட மறுபடியும் ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்லக்கா" என்றாள்.

எங்கள் ஆட்களுக்காகக் காசு வாங்காமல் வழக்காடும் வக்கீலம்மா அங்கே இருந்தார். "மீதிப் பிரதியிலயாவது முகத்தை ஸ்டிக்கரா அடிச்சு ஒட்டிரலாம். நாளைக்குக் காலையில எல்லாரும் வாங்க" என்றார். வாய்தா கேட்காமல் அவர் சொன்ன முதல் யோசனை அதுதான்.

மறுநாள் காலை தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். நர்ஸ் டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்துவிட்டாள். ஸ்டிக்கர் காகிதத்தில் முதல் தாள் அச்சாகி வந்து, கத்திரி வெட்ட ஆரம்பித்த நேரம், மாடிப்படியில் தடதடவென்று சத்தம். அக்குளில் எங்கள் பத்திரிகையை இடுக்கிக்கொண்டு ஒரு பெரியவர் வந்து நின்றார். டிரைவரின் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் யாரென்று புரிந்துவிட்டது.

"யாரு இங்க எடிட்டர்?"

"நான்தான் ஐயா."

பத்திரிகையை மேஜைமேல் விரித்து விரலால் குத்தினார். "பேரு போட்டிருக்கீங்க, தலையைக் காணோம்! எம் பொண்ணு என்ன முண்டமா? எம் பொண்ணு படம் வந்திருக்குன்னு கடைக்காரன்கிட்டப் பெருமையாச் சொல்லி வாங்கினேன். விரிச்சா ஸ்டீயரிங்கைக் காட்டறீங்க. என் மானமே போச்சு!"

எத்தனையோ அப்பாக்கள் இந்தப் படியேறி வந்து கத்தியிருக்கிறார்கள். எல்லாம் ஏன் போட்டாய் என்றுதான். ஏன் போடவில்லை என்று கத்தின முதல் அப்பா இவர்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"அப்பா..." என்றாள் டிரைவர்.

"நீ சும்மா இரு. நான் எடிட்டர்கிட்டப் பேசிட்டிருக்கேன்."

தப்பு எங்களுடையதுதான் என்று சொல்லி ஸ்டிக்கரைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதெல்லாம் ஒரு படமா? பல்லு மட்டும்தான் தெரியுது." சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் கத்திரியிடம் நீட்டினார். வேலைக்குச் சேர்ந்த நாளில் பஸ் முன்னால் விறைப்பாக நிற்கும் டிரைவர். படம் பாதியாக மடிக்கப்பட்டிருந்தது. மடிப்பு வெளுத்துப்போய் இருந்தது.

கத்திரி மெதுவாக மடிப்பைப் பிரித்தார். மறு பாதியில் நர்ஸ், டிரைவரின் தோளில் கை போட்டபடி.

கத்திரிக்குத்தான் இப்போது புத்தி வந்திருந்ததே, கையிலிருந்த கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். "ஐயா, எது வரைக்கும் போடணும்?"

பெரியவர் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெட்டாதீங்க. முழுசாப் போடுங்க."

"ஐயா, இங்க ஒரு வழக்கம் இருக்கு. படத்துல இருக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்கணும்" என்றேன்.

"கேளுங்களேன்."

"படம் கொண்டு வந்தவங்கதான் கேட்கணும்." அப்படி ஒரு விதி கிடையாது. அந்த நிமிடம் நானாகப் போட்டதுதான்.

என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு நர்ஸின் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார். அவள் விரல் முழுக்க ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"உன் முகத்தையும் போடலாமாம்மா?"

நர்ஸ் எழுந்து நின்றாள். டிரைவரைப் பார்த்தாள், பெரியவரைப் பார்த்தாள்.

"போடுங்கப்பா" என்றாள்.

கத்திரி படத்தை ஸ்கேனரில் வைத்து மூடினார். மூடிவிட்டு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.