மிக்காவுக்குத் தெரியாத வரி

நீர்க்குடத்தின் அடித்துளையை அடைத்திருந்த மெழுகை ஏவலாள் நீக்கினான். அந்தத் தண்ணீர் தீரும்வரைதான் பிலினோசுக்குப் பேச்சுரிமை. ஏதென்ஸ் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவன் தன் வாயாலேயே வாதாட வேண்டும். வாய் அவனுடையது, சொற்களோ நிகோராசுடையவை.

ஏதென்ஸ் குடிமகன் வெளியூர்ப் பெண்ணை மனைவியாக்குவது அங்கே குற்றம். துறைமுகத்தில் கயிறு திரிக்கும் பிலினோஸ், தேரா தீவுக்காரியான மிக்காவை மனைவியென்று வீட்டில் வைத்திருக்கிறான் என்பது வழக்கு. தோற்றால் அவனுக்குத் தண்டம். அவளுக்கோ அடிமைச் சந்தை. வழக்காடுவோருக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கும் நிகோராஸ், அவனாவது தப்ப வழி சொன்னான்.

"காதல் ஒரு காய்ச்சல்னு சொல்லு தம்பி. காய்ச்சல்ல உளறுனவன எவன் தண்டிப்பான்? போன மாசம் ஒருத்தனுக்குக் காதல்தான் கடவுள்னு எழுதிக் குடுத்தேன். அவனும் ஜெயிச்சான்."

மறுத்துத் திரும்பியவனை மிக்காதான் மடக்கினாள். மகள் யார் கையில் வளர்வாள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எழுத்தறியாத அவள், அவன் படிக்கக் கேட்டே பேச்சு முழுவதையும் நெஞ்சில் ஏற்றிக்கொண்டு, நார் பிரித்தபடியே அவன் பிசகிய இடமெல்லாம் திருத்தினாள். தன்னை விற்கப்போகும் சொற்களைத் தானே பயிற்றுவித்தாள்!

"நடுவர் பெருமக்களே! காதல் கண்ணைக் கட்டும், கருத்தைக் கெடுக்கும், காளையைக் கன்றாக்கும்!" தலைகள் அசைந்தன. சிரிப்பும் எழுந்தது. சொல் வென்றுகொண்டிருந்தது. வேலிக்கு அப்பால், முக்காட்டுக்குள் மிக்காவின் உதடுகள் அவனுக்கு ஒரு சொல் முந்தி அசைந்துகொண்டிருந்தன.

"இவளை நான் ஒருநாளும் மனைவியென்று..."

நின்றான். *கருதியதில்லை* என்றன அவள் உதடுகள். அவன் மறந்துவிட்டானென்று அஞ்சி, மீண்டும் சொல்லின. கழுத்தையே தனக்குரிய சுருக்கைத் திரிக்க வைக்கும் இதுவா கலை? இதற்கா நாவன்மை என்று பெயர்?

"என்னப்பா, கயிறு அறுந்துபோச்சா?" என்றார் முன்வரிசை நடுவர் ஒருவர். மன்றம் சிரித்தது.

"நான்தான் அறுத்தேன், ஐயா. இதெல்லாம் எழுதிக் குடுத்த பேச்சு. காய்ச்சல்காரனுக்குக் காலையில தெளியும். நான் தெனமும் தெளிஞ்ச புத்தியோடதான் எந்திரிச்சு, இவ என் பொண்டாட்டின்னு பாத்திருக்கேன். வெளியூர்க்காரின்னு தெரிஞ்சேதான் கூட்டிவந்தேன். அவள விக்கிறதுன்னா, பக்கத்துல நிறுத்தி என்னையும் வித்துடுங்க."

குடிமகனை விற்க முடியாதே என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"அப்ப அவளயும் முடியாதுன்னு எழுதுங்க."

குடத்தில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது. அவன் மேலே பேசவில்லை. மிக்காவின் உதடுகள் மூடியிருந்தன. அடுத்த வரி அவளுக்குத் தெரியாது.

நடுவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வெண்கல வில்லைகள் வழங்கப்பட்டன. நடு அச்சில் துளையுள்ளது தண்டிக்க, துளையற்றது விடுவிக்க. செப்புக் கலயத்தில் இடுவதே தீர்ப்புக் கணக்கில் சேரும், மற்றது மரக் கலயத்துக்கு. எது எதுவென்று பிறர் காணாதபடி, கட்டைவிரலால் அச்சை மூடிக்கொண்டு நடுவர்கள் வரிசையாக எழுந்தார்கள். கயிறு அறுந்ததா என்று கேட்டவர் மட்டும் செப்புக் கலயத்தின் முன்னே நின்றுவிட்டார். பின்னாலிருந்தவர்கள் நெருக்கினார்கள். அவர் இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்து, அழுத்திய கட்டைவிரல்களை எடுக்காமல் நின்றார்.