நீலமும் பழுப்பும்

சுவிட்சைப் போட்டு இருபது எண்ணுவதற்குள் ஸ்பீக்கர் ஊளையிட்டது. ரத்னா பாய்ந்து அணைத்தாள். அணைத்த பிறகும் அந்தச் சத்தம் இரண்டு விநாடி இழுத்து, தேய்ந்து, நின்றது. எதிர்வீட்டு ஓட்டின் மேலிருந்த காக்கைகள் ஒன்றுவிடாமல் கிளம்பிப் போயின.

கட்டிலிலிருந்து சிரிப்பு கேட்டது. அவள் கணவன் யாக்கோபு சிரித்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சிரைப்பாகி, அடங்க நேரம் பிடித்தது.

"இன்னா ரத்னா, கம்பெனி சங்கு ஊதுற மாதிரி கீது."

"ஊதட்டும். எதுக்கு ஊதுதுன்னு பாக்கறேன்."

யாக்கோபு பாட்டுக் கச்சேரிக் குழு ஒன்றில் கிட்டார் வாசித்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டலம் சர்ச்சிலும் அவன்தான். கல்யாணத்துக்கு முன்னால் பெரம்பூரில் ஆங்கிலோ இந்தியர் வீட்டு விருந்துகளில் வாசித்த காலத்தில், வால்வு ஆம்பிளிஃபயர் ஒன்றில் கிட்டாரைச் செருகி வாசித்திருக்கிறான். அந்தச் சத்தத்தை அவனால் மறக்க முடியவில்லை. "தொட்டா தொட்ட மாதிரி கேக்கும். அடிச்சா அழுவும்" என்பான். குழுவிலிருந்த டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயருக்குத் தகர டப்பா என்று பெயர் வைத்திருந்தான்.

எண்பத்தொன்பதில் ரிச்சி தெருக் கடை ஒன்றில் அப்படியொரு வால்வு ஆம்பிளிஃபயரை, தானே பூட்டிக்கொள்ளும் உதிரிச் சாமான்களாக வாங்கி வந்தான். துளை போட்ட தகட்டுப் பெட்டி, இரண்டு டிரான்ஸ்ஃபார்மர், நான்கு கண்ணாடி வால்வு, ஒரு பை நிறையச் சில்லறைச் சாமான்கள், மங்கலான ஜெராக்ஸில் ஒரு சர்க்யூட் படம். முதல் தடவை பூட்டியபோது புகை வந்தது. இரண்டாம் தடவை கிட்டாரைவிட உறுமல் பெரிதாகக் கேட்டது. மூன்றாம் தடவை ஒன்றுமே கேட்கவில்லை. பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது.

ரத்னா ஆறு வருடமாக டி.வி. போர்டு கம்பெனியில் சால்டரிங் லைனில் இருப்பவள். ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரம் ஈயப் பற்றாவது வைப்பாள். ஆனால் அந்தப் பெட்டியை அவள் தொட யாக்கோபு விட்டதில்லை. "கம்பெனில நீ பொம்ம மாதிரி பத்த வெக்கற. இது அப்டி இல்ல. இதுக்குக் காது வேணும்" என்று ஒருநாள் டில்லிபாபுவின் எதிரிலேயே சொன்னான். டில்லிபாபு குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ரத்னா டீ தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இந்த வருடம், தொண்ணூற்றொன்று ஜூனில், யாக்கோபுவின் இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஜூலையில், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவன் விரல்கள் வீங்கி, கம்பியை அழுத்தினால் விரலில் பள்ளம் விழுந்தது. கிட்டார் ஆணியில் ஏறியது.

ஒருநாள் காலை ஷிஃப்ட் முடிந்து வந்த ரத்னா, சேலையைக்கூட மாற்றாமல் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். யாக்கோபு பார்த்துக்கொண்டிருந்தான், தடுக்கவில்லை. அவன் வைத்த பற்றுகள் அத்தனையையும் அவள் உருக்கி எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

தினமும் மத்தியானம் மூன்று மணியிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் அதே வேலை. பெட்டி ஓடத் தொடங்கியதும் அவன் கட்டிலிலிருந்தே காது கொடுத்துக் கேட்டான். "ஹம் கீது" என்றான், அந்த உறுமலைத்தான். வால்வுகளைச் சூடாக்கும் கம்பிகளை அவள் ஜடை மாதிரி முறுக்கி மூலையோடு தள்ளினாள். "இன்னும் கீது." எர்த் கம்பிகளையெல்லாம் கழற்றி ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தாள். மூன்றாம் தடவை போட்டபோது உறுமல் கேட்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

இப்போது வெள்ளிக்கிழமை. ஆகஸ்ட் கடைசி. முந்தின இரவு முழுக்க அவனுக்கு மூச்சு சரியில்லாததால் அவள் லீவு போட்டிருந்தாள். படத்தில் கடைசியாக மிச்சமிருந்த, வெளியே போகும் சத்தத்தில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே கொண்டுவரும் ஃபீட்பேக் கம்பியைக் காலையில் வைத்து முடித்ததும்தான் இந்த ஊளை.

"அந்தக் கடசி ஒயர கழட்டி வுட்டுடு" என்றான் யாக்கோபு. "சத்தம் நின்னுடும்."

"நின்னுடும். ஆனா முரட்டுத்தனமா கேக்கும். நேத்து நீதானே சொன்ன, சொரசொரன்னு கீதுன்னு?"

"அதோட வுடு. போதும்."

ரத்னா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கம்பெனியில் ஒரு போர்டு திரும்பி வந்தால் அவள் பற்றிலிருந்து பார்க்க ஆரம்பிக்க மாட்டாள். எது எங்கே போக வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பிப்பாள்.

"யோவ், இந்த ஸ்பீக்கர் டிரான்ஸ்ஃபார்மர்லருந்து நீலமும் பழுப்பும் ரெண்டு வால்வுக்குப் போவுது பாரு. அது ரெண்டும் மாறிக்கீது, அதான் ஊளை வுடுது."

"படத்துல அப்டிதான் கீது."

"படமே தப்பா இருந்தா?"

"படம் போட்டவனுக்குத் தெரியாதது உனுக்குத் தெரியுமா?"

அவள் படத்தை மடித்து வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். இரண்டு வருடத்தில் அவள் எத்தனையோ முறை அங்கிருந்து எழுந்து உள்ளே போயிருக்கிறாள். இன்று போகவில்லை.

யாக்கோபு கண்ணை மூடினான். மூச்சு நெஞ்சுக்குள் நீரில் நடப்பது போல ஏறி இறங்கியது. கண்ணைத் திறக்காமலே சொன்னான்:

"மாத்து."

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டிக்குள் தங்கியிருக்கும் கரண்ட் ஆளைத் தூக்கிப் போட்டுவிடும் என்பதால் ஒரு பல்பின் இரு கம்பிகளை உள்ளே வைத்து, அது மினுக்கி அணையும்வரை பிடித்திருந்தாள். பிறகு நீலத்தையும் பழுப்பையும் உருக்கி எடுத்தாள். இரண்டாவது கம்பி கையோடு வரும்போது ஃபேன் நின்றது. தெருவில் யாரோ மின்சார வாரியத்தைத் திட்டினார்கள். பதினோரு மணிக்குப் போனால் இரண்டு மணிக்குத்தான் வரும்.

அவள் பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். யாக்கோபு விசிறியைப் பார்த்தான். பிறகு மேசைமேல் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான்.

"சரி" என்று எழுந்தாள்.

உள்ளே சமையல் மூலையில் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்து, சால்டரிங் அயர்னின் செம்பு முனையைத் தீயில் காட்டினாள். முனை நிறம் மாறியதும் ஓடிவந்தாள். நீலக் கம்பி அதன் புது இடத்தில் ஒட்டியது. அதற்குள் சூடு இறங்கி ஈயம் உருகவில்லை. "இன்னும் ஒண்ணுதான்" என்றாள் அவனிடம். அவன் இமை அசைந்தது.

இரண்டாம் முறை முனையைச் சற்று அதிக நேரம் காட்டினாள். ஸ்டவ்வின் இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை.

அயர்னோடு திரும்பி வந்தபோது, உள் நிலைப்படியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் முகம் மேசைப் பக்கம் திரும்பியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது. நெஞ்சுக்குள் நடந்துகொண்டிருந்த மூச்சு நின்றிருந்தது.

கையில் அயர்ன் சூடாக இருந்தது. இன்னும் அரை நிமிடம் தாங்கும். பழுப்புக் கம்பி காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் கம்பியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அயர்னைச் செங்கல் மேல் வைத்தாள். அவன் கண்களை மூடிவிட்டாள். கையை அங்கேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வெளியே வந்து எதிர்வீட்டைப் பார்த்துச் சாதாரணக் குரலில் கூப்பிட்டாள்.

"கோவிந்தம்மாக்கா, சித்த வந்துட்டுப் போயேன்."

மூன்று மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. குன்றத்தூரிலிருந்து யாக்கோபுவின் அக்கா ராஜாமணி பஸ் பிடித்து வந்து, தெருமுனையிலிருந்தே மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். சர்ச்சிலிருந்து பெஞ்சுகள் வந்தன. ஐஸ் பெட்டி வந்தது. மேசையை யாரோ மூலைக்குத் தள்ளி அதன்மேல் போர்வையைப் போட்டு மூடினார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு அடக்கம் என்று பாஸ்டர் சொல்லிவிட்டுப் போனார்.

ரத்னா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வந்தவர்கள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள், "அழுதுடு, உள்ளாற வெச்சிக்காத" என்றார்கள். தலையை ஆட்டினாள்.

ஐந்து மணி வாக்கில் எழுந்தாள். பின்பக்கம் போகிறாள் என்று நினைத்து வழிவிட்டார்கள். அவள் மூலைக்குப் போய்ப் போர்வையை உருவி மடித்து வைத்தாள். அயர்னைப் பிளக்கில் செருகினாள். சற்று நேரத்தில் ஊதுவத்தி வாசனைக்கு நடுவே உருகும் ஈயத்தின் வாசனை எழுந்தது. ஒப்பாரி ஒவ்வொரு குரலாக நின்றது.

"தே ரத்னா!" ராஜாமணி எழுந்து வந்தாள். "நடு வூட்ல பொணம் கெடக்குது. இன்னாடி பண்ற?"

"ஒரு கம்பி பாக்கி கீதுக்கா."

"உனுக்கு இன்னா பைத்தியமா? வந்தவங்கல்லாம் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

ராஜாமணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். ரத்னா இழுக்கவில்லை.

"கைய வுடுக்கா, சூடு பட்டுடும். அவருதான் மாத்துன்னாரு. பாதி மாத்திக்கீறேன்."

"யாரு சொன்னது?"

"அவருதான்."

"ஏசுபாதம் மேல ஆணை, பொய் சொல்லாத. சின்ன வயசுலருந்தே ஒரு ஸ்குரூவக் கூட யாரையும் தொட வுட மாட்டான் அவன்."

"ஆமா" என்றாள் ரத்னா. "இன்னிக்கி காலைல சொன்னாரு."

ராஜாமணி அவள் முகத்தையே பார்த்தாள். பிடி மெல்லத் தளர்ந்தது. திரும்பிப் போய் உட்காரவில்லை. மேசையருகே முக்காலியை இழுத்துப் போட்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

பழுப்புக் கம்பி ஒட்டியது. ரத்னா ஊதி ஆறவைத்து, நகத்தால் நெம்பிப் பார்த்தாள்.

டில்லிபாபு குழு ஆட்களோடு வந்து, மாலை போட்டுவிட்டுச் சுவரோரம் நின்றிருந்தான்.

"டில்லி, கிட்டார எடு."

"அண்ணி... இப்பவா?"

"இப்பதான்."

அவன் ராஜாமணியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "எடு" என்றாள்.

ரத்னா சுவிட்சைப் போட்டாள். மனதுக்குள் எண்ணினாள். இருபது வந்தது. முப்பது வந்தது. நாற்பதுவரை எண்ணினாள். ஸ்பீக்கர் ஊளையிடவில்லை. காதை அருகில் வைத்தால் மட்டும் கேட்கிற மாதிரி ஒரு சின்ன இரைச்சல். டில்லிபாபு நம்பாமல், கிட்டாரிலிருந்து பெட்டிக்குச் செருகிய பிளக்கைத் தொட்டுப் பார்த்தான். கம்பிகள் எல்லாம் சுதி இறங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றாக முறுக்கினான். அந்த முறுக்குகிற சத்தத்துக்கே, வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு, யாக்கோபு ஞாயிற்றுக்கிழமைகளில் காணிக்கை நேரத்தில் வாசிக்கும் மெட்டை வாசித்தான். மெதுவாகத் தொட்டால் மெதுவாக வந்தது. கொஞ்சம் அழுத்தினால் சத்தத்தின் ஓரம் கிழிந்து, தொண்டை கட்டிய மனிதக் குரல் போல் ஆனது. டில்லிபாபு பாதியில் நிறுத்திவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தான். மறுபடி வாசித்தான். ராஜாமணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ரத்னா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தடிச்ச கம்பில வாசி."

வாசித்தான்.

"இன்னொரு தடவ."

வாசித்தான்.

"கொழகொழன்னு கீது" என்றாள்.

"நல்லா கீது அண்ணி. சத்தியமா. இந்த மாதிரி சத்தத்த நான் கேட்டதே இல்ல."

"இல்ல" என்றாள் ரத்னா. "கீழ போனா கலங்குது."

சனிக்கிழமை பத்து மணிக்குப் பென்னலூர்க் கல்லறையில் யாக்கோபுவை அடக்கம் செய்தார்கள். வெயில் கடுமையாக இருந்தது. ரத்னா மூன்று பிடி மண் போட்டாள். சாயங்காலம் ராஜாமணி, பத்து நாள் தங்குகிறேன் என்றாள். "இருக்கா" என்றாள் ரத்னா. "ஆனா நான் திங்கக்கெழம வேலைக்குப் போவேன்."

திங்கட்கிழமை காலை ஷிஃப்ட். அவள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததும் லைனில் பேச்சு நின்றது. சூப்பர்வைசர் வசந்தகுமார் கண்ணாடி ரூமிலிருந்து எழுந்து வெளியே வந்தார்.

"ஏம்மா வந்தீங்க? எத்தன நாள் லீவு வேணும்னாலும் எடுத்துக்கங்க. நான் ஆபீஸ்ல சொல்லிக்கிறேன்."

"லீவு வேணாம் சார்."

"பின்ன? வேற எதனா ஒதவி வேணுமா? கேளுங்க."

"ஒரு கெப்பாசிட்டர் வேணும் சார், அவரு பெட்டில கீழ்ச்சத்தம் கலங்காம இருக்க. பாயின்ட் ஜீரோ டூ டூ. நானூறு வோல்ட்டு."

அவர் சரியாகக் கேட்கவில்லையோ என்று நின்றார். அவள் மறுபடி சொன்னாள். அவர் ஸ்டோர் பக்கம் போய், ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து நீட்டினார். ரத்னா அவற்றைப் புரட்டி, ஒவ்வொன்றின் மேலும் அச்சடித்திருந்ததைப் படித்து, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள். அதன் கால்கள் வளையாதபடி கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு தன் ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். பெல்ட் நகர ஆரம்பித்தது. முதல் போர்டு வந்தது.